வாப்பாவுக்கு விட்ட இடம்

ஏறாவூரில் ஸஹீதாவின் வீட்டு முன்னறைச் சுவரில் பெருநாள் படங்கள் வரிசையாகத் தொங்கின. அந்த வரிசையை ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும், ஷஸ்னா என்கிற ஒரே மகள் வளர்ந்த கதை முழுவதும் விளங்கிவிடும். முதல் படத்தில் முன்பல் விழுந்த சிறுமி, கடைசிப் படத்தில் கலியாணத்துக்கு நாள் குறித்த குமர்ப்பெண். ஸஹீதாவும் சும்மா இருக்கவில்லை, வருசத்துக்கு ஒரு சுற்றுப் பருத்துக்கொண்டே வந்திருந்தாள். மாறாமல் நின்றது ஒரே ஒரு ஆள்தான். அவளுடைய கணவர் ஸாஹிர். எல்லாப் படத்திலும் இடது ஓரத்தில், அதே கருநீலச் சட்டையோடு, அதே இறுக மூடிய வாயோடு.

உண்மையில் ஸாஹிர் அந்தப் படங்களில் ஒன்றிலும் நின்றவரில்லை. அவர் கட்டாரில் ஒரு தொழிலாளர் முகாமில் சமையல் வேலை. பெருநாளைக்கு ஊருக்குப் போக எல்லாருக்கும்தான் ஆசை, ஆனால் எல்லாரும் போய்விட்டால் மிச்சப்பேருக்கு யார் சோறாக்குவது? சமையல்காரனுக்கு லீவு கிடைப்பது பெருநாளெல்லாம் முடிந்து ஊரே ஓய்ந்த பிறகுதான். அதனால் இரண்டு வருசத்துக்கு ஒருமுறை, பெருநாளில்லாத மாதத்தில் வந்து போவார். படத்தில் அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது செங்கலடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் றெஜி.

அந்தப் பெருநாள் காலைகளை நினைத்தால் ஸஹீதாவுக்கு இப்போதும் நெஞ்சு நிறையும். விடியப்புறமே வட்டிலப்பம் அவிந்துகொண்டிருக்கும். ஏலக்காயும் கித்துள் கருப்பட்டியும் சேர்ந்த அந்த வாசம் புதுச் சட்டை வாசத்தோடு கலந்து வீடெல்லாம் நிற்கும். தொழுகை முடிந்ததும் சனம் ஆற்றங்கரைக்குத் திரளும். புத்தகத்தில் வாவி என்று எழுதினாலும் ஊருக்கு அது ஆறுதான். ஐஸ்கிறீம் வண்டி மணியடிக்கும். றெஜி கமராவைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு, கிறிஸ்தவப் பொடியனாக இருந்தும் பெருநாளைக்கென்று புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். வெளிநாட்டில் ஆள் இருக்கிற குடும்பம் என்றால், அக்காவை ராத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும் ஊர் முறையில் அழைத்து ஒரு சத்தம் போடுவான்.

"ராத்தா, காக்காக்கு இடம் விடுங்க!"

ஸஹீதா மகளை இடப்பக்கம் அணைத்துக்கொண்டு, வலப்பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு நிற்பாள். அந்த இடத்துக்குள் ஓடிவருகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை ஷஸ்னா தள்ளிவிடுவாள். "அது எங்கட வாப்பாட இடம். போங்க அங்கால!" அந்தப் பிள்ளை அதை அவ்வளவு நம்பிக்கையோடு சொல்லும். பிறகு றெஜி, ஸாஹிர் அனுப்பிய படத்தை அந்த இடத்தில் பொருத்திச் சட்டம் போட்டுக் கொடுப்பான்.

இவ்வளவு சந்தோசத்துக்குள்ளும் ஸஹீதாவின் தொண்டையில் ஒரு முள் இருந்தது. அவள் நன்றாகத் தைப்பாள். ஒவ்வொரு நோன்புக்கும் கணவருக்கு ஒரு வெள்ளை ஜுப்பா தைத்து, கழுத்துப் பட்டியில் வெள்ளை நூலாலேயே சின்னதாக ஒரு கொடிவேலை போட்டு, கட்டாருக்குப் போகிற யாரிடமாவது கெஞ்சிக் கொடுத்தனுப்புவாள். போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால், "கிடைச்சிட்டு, அளவாரிக்கி" என்பார். படம் வரும். பார்த்தால் அதே கருநீலச் சட்டை.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு படம் பார்க்க வருகிற பெண்கள் வாயைத் திறந்தார்கள். "ஒங்கட மனுசனுக்கு வேற சட்டயே இல்லயாகா?" ஸஹீதா சிரித்துச் சமாளிப்பாள். கணவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தானாகச் சொல்லட்டும் என்று வீம்பு. அந்த வீம்பு வருசா வருசம் முற்றி, கடைசி மூன்று நோன்புக்கும் அவள் தையலையே விட்டுவிட்டாள். "இந்தமுறை சட்ட வரல்லயே புள்ள?" என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது, "நேரமில்ல" என்று ஒரே சொல்லில் முடித்தாள்.

இப்போது ஸாஹிர் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வந்து இரண்டு மாதம். கச்சான் காற்று அடித்துப் புழுதியை வாரிக்கொண்டிருந்த காலம், ஷஸ்னாவின் கலியாணத்துக்கு வீடு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை வந்து ஏறினால் தாயும் தகப்பனும் இறங்கிவிட வேண்டும். ஸாஹிர் பின்வளவில், மாமரத்துக்கு அங்கால், ஒரு அறையும் சமைக்கக் குசினியுமாக ஒரு சின்ன வீடு கட்டி முடித்திருந்தார். கலியாணத்தன்று பின்நேரமே இரண்டு பேரும் அதற்குள் போய்விட வேண்டும்.

அங்கேதான் ஸஹீதாவுக்குக் கால் வரவில்லை. முன்வீட்டில் மகள் இருந்தாள், வேலை இருந்தது, ஆட்கள் வந்துபோனார்கள். பின்வீட்டில் அவரும் அவளும் மட்டும்தான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒன்றாயிருந்த காலமே கொஞ்சம், அந்தக் கொஞ்சத்திலும் யாரோ விருந்தாளி வந்திருப்பதுபோல்தான் இருந்தது. போதாக்குறைக்கு அவருடைய பெட்டியைத் திறந்தபோது அவளும் அவளுடைய தங்கை றம்லாவும் ஒன்றைக் கண்டுவிட்டார்கள்.

"ராத்தா, நீங்க தச்சதில ஒண்டாவது இரிக்கா?" என்று றம்லா கேட்டாள்.

ஒன்றுமில்லை. இருந்தது கருநீலச் சட்டை. தேய்த்து, பொலித்தீனில் சுற்றி, பெட்டியின் அடியில் பக்குவமாக வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. றம்லா அதைத் திறந்து மணந்து பார்த்தாள்.

"தாடிக்குப் பூசுற கறுப்புச் சாயம்! மருதாணி பூசினாலும் பறவால்ல. இஞ்ச வந்த நாள் தொட்டு நரைச்ச தாடியோடதானே திரியிறாரு? அங்க யாருக்குக் காட்டப் பூசின?"

"சும்மா கிட றம்லா."

"நான் சும்மாதான் கிடப்பன். நீங்க யோசிங்க. ஒரே சட்டய இவ்வளவு பத்திரமா வைக்கிறண்டா, அது வாங்கிக் குடுத்த ஆள் பெறுமதியான ஆளாரிக்கும். படத்திலயும் பாருங்க, ஒரு நாளாவது பல்லுத் தெரியச் சிரிச்சிரிக்காரா? பொண்டாட்டி புள்ளையோட நிக்கிற படத்துக்கு அனுப்புற முகமா அது?"

இரண்டு நாள் ஸஹீதாவுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தங்கையிடம் சொன்னாள்: "கலியாணம் முடியட்டும். நான் ஒன்னோட ஓட்டமாவடிக்கி வந்திர்றன். தையல் மெசினயும் கொண்டு வாறன். பின்வீட்டில அவரு தனிய இரிக்கட்டும். ஆருட சட்டயயும் போட்டுக்கு இரிக்கட்டும்." சொல்லிவிட்டு அழுதாள். றம்லாவுக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

ஷஸ்னாவுக்கு இதொன்றும் தெரியாது. அவளுக்கு வேறு கனவு. பெருநாள் படங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஒரே பெரிய சட்டமாகப் போட்டு, கலியாணத்தன்று முன்னறையில் தொங்கவிட வேண்டும். அதற்காகத் தாயை இழுத்துக்கொண்டு செங்கலடிக்குப் போனாள். பகல் பதினொரு மணி வெயில். கச்சான் காற்றில் அபாயா காலோடு சுற்றிக்கொண்டது. ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் குளிரூட்டியின் குளிர் முகத்தில் பட்டது. றெஜி கதிரைகளைத் துடைத்துப் போட்டான். அவன் இப்போது பொடியனில்லை. தொப்பை வைத்து, கண்ணாடி போட்டிருந்தான்.

ஷஸ்னா தனக்கு வேண்டியதைச் சொல்லி முடித்தாள். ஸஹீதா தொண்டையைச் செருமினாள்.

"தம்பி, ஒரு உதவி. கலியாணத்துக்கு எவ்வளவோ சனம் வரும். எல்லாப் படத்திலயும் அவரு ஒரே சட்டயோட நிக்கிறாரு. அந்த நீலச் சட்டய வெள்ளையா மாத்த ஏலுமா?"

றெஜி அவளைப் பார்த்தான். பிறகு குலுங்கிச் சிரித்தான்.

"என்ன ராத்தா நீங்க? அந்தச் சட்டயப் போடச் சொன்னதே நான்தானே!"

"நீங்களா?"

"காக்கா சொல்லல்லயா? முதல் வருசத்துப் படம் இப்பவும் கிடக்கு. காட்டுறன், கிட்ட வாங்க."

கணினித் திரையில் ஒரு படம் விரிந்தது. ஸஹீதா அதை ஒருநாளும் பார்த்ததில்லை. ஸாஹிர் படங்களை நேரே றெஜியின் மின்னஞ்சலுக்குத்தான் அனுப்புவார், கைபேசிக்கு அனுப்பினால் சுருங்கிவிடும் என்று. முகாமின் வெள்ளைச் சுவர். அதன் முன்னால் இளம் ஸாஹிர். கறுத்த தாடி. முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு. உடம்பில் வெள்ளை ஜுப்பா. கழுத்துப் பட்டியில், வெளிச்சத்தில் மங்கி இருந்தாலும், அவளுக்குத் தெரியாமல் போகுமா? அவள் தைத்த கொடிவேலை.

ஸஹீதா கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டாள். 

"அப்ப நான் போட்டோசொப் படிச்ச புதுசு" என்று றெஜி உற்சாகமாகத் தொடங்கினான். "இது ரெண்டு தாள் மாதிரி ராத்தா. கீழ்த் தாளில நீங்களும் பிள்ளையும் ஆத்தங்கரையில நிக்கிறீங்க. மேல்த் தாளில காக்கா செவரோட நிக்கிறார். இப்ப இந்தக் கோட்டப் பாருங்க. ஒரு அந்தம் கறுப்பு, மத்த அந்தம் வெள்ள. வெள்ளப் பக்கத்தில ஒரு முக்கோணம் இருக்குதா? அத உள்ளுக்குத் தள்ளினா, மேல்த் தாளில எதெல்லாம் வெளிச்சமா இருக்கோ அதெல்லாம் மறைஞ்சிடும். அழியிறதில்ல, கண்ணாடி மாதிரி ஆயிடும். அதுக்குள்ளால கீழ்த் தாள் தெரியும். செவர வெட்டியெடுக்கிற வேலை மிச்சம். பெருநாள் நேரம் இவ்வளவு படத்துக்கும் எங்க நான் ஒவ்வொண்டா வெட்டுறது? தள்ளுறன், பாருங்க."

அவன் முக்கோணத்தை மெல்ல இழுத்தான். முகாம் சுவர் கரைந்தது. அது இருந்த இடத்தில் ஆறு வந்தது, கரையில் ஒரு தோணி வந்தது. கூடவே ஜுப்பாவும் கரைந்தது. முதலில் தோள், பிறகு நெஞ்சு. கடைசியில் ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும் ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் நின்றன.

ஷஸ்னா வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியவில்லை. "உம்மா! வாப்பாட வாய்க்குள்ள ஆறு தெரியிது!"

உண்மைதான். பல்லும் வெள்ளையல்லவா? சிரிப்பு இருந்த இடத்தில் ஒரு துண்டு ஆற்றுத் தண்ணீர் மினுங்கியது.

"அதுதானே கரைச்சல்" என்றான் றெஜி. "இதுக்கு ஆளத் தெரியாது, செவரத் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் எண்டது மட்டும்தான் தெரியும். கையால வெட்டுவமெண்டா அந்த லைட்டில சட்டையும் செவரும் ஒண்டாக் கிடக்கு, கரையே பிடிபடல்ல. நான் காக்காக்கு எடுத்துச் சொன்ன, கறுப்பு நீலம் எண்டு ஏதாவது போடுங்க, பல்லுத் தெரியாம நில்லுங்க எண்டு. மனுசன் அண்டைக்கே ஆருட்டயோ இரவல் வாங்கிப் போட்டு இன்னொரு படம் அனுப்பினார். மறுகா அதையே விலைக்கு வாங்கிட்டன் எண்டார். அதுக்குப் பிறகு நான் சொல்லாமலே வருசா வருசம் நீலச் சட்டையோட வந்திடும்."

ஸஹீதா குறுக்கிட்டாள். "தாடி? தாடிக்கும் நீங்கதானா சொன்ன?"

"ஐயோ, அது பெரிய கதை. நரைக்கத் தொடங்கினதும் தாடியும் மறையுது. தாடைக்குள்ளால தோணி தெரிஞ்சா எப்பிடி இருக்கும்? இந்த முக்கோணத்த ரெண்டாப் பிளந்தா சட்டெண்டு மறையாம மெல்ல மெல்ல மங்கும். அப்பிடியும் செஞ்சு பார்த்தன், தாடி புகை மாதிரி நிண்டுது. காக்காட்ட சொன்னா, 'நீ ஒண்டுக்கும் யோசிக்காத தம்பி' எண்டு சாயம் வாங்கிப் பூசிட்டார். படம் எடுத்த கையோட சவர்க்காரம் போட்டுக் கழுவினாராம்."

றெஜி கதை சொன்ன மகிழ்ச்சியில் இருந்தான். ஸஹீதா கைலேஞ்சியை முகத்தில் வைத்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. தைக்காமல் விட்ட மூன்று நோன்பையும் நினைத்தபோது அந்த வெட்கம் இரட்டிப்பானது.

"அப்ப ராத்தா, வெள்ளையா மாத்தட்டா? இப்ப எண்டா சுகமாச் செய்யலாம்."

"வேணாம் தம்பி" என்றாள். "நீலமாவே இரிக்கட்டும். இந்த முதல் படத்த மட்டும் எனக்குத் தனியாக் கழுவித் தாங்க. செவரோடயே."

வீட்டுக்கு வந்ததும் அபாயாவைக்கூடக் கழற்றாமல் பின்வளவுக்கு நடந்தாள். ஸாஹிர் சின்ன வீட்டின் முன்சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாய் சுற்றியிருந்தார். தாடியிலும் சுண்ணாம்பு தெறித்திருந்தது. எது நரை, எது சுண்ணாம்பு என்று தெரியவில்லை.

"பசிக்கிதா?" என்று கேட்டாள். கேட்க வந்தது அதுவல்ல.

"ஆணத்த அடுப்பில வச்சிட்டுப் போன நீ. நான் இறக்கி வச்சிட்டன். றால் கறி நல்லா வந்திரிக்கி" என்றார் ஸாஹிர், தூரிகையை நிறுத்தாமல்.

"நான் தச்சி அனுப்பின ஜுப்பாவெல்லாம் எங்க?"

தூரிகை நின்றது. "எங்கண்டா? போட்ட. பெருநாள் தொழுகைக்கு நான் போட்ட. மறுகா ஒவ்வொரு ஜும்மாவுக்கும் போட்ட. கழுத்துப் பட்டி கிழிஞ்சி, தோளு நைஞ்சி போறவரைக்கும் போட்ட. கடைசியில சட்டி பிடிக்கிற சீலைக்கும் ஆகாமப் போச்சி."

"படத்தில நீலச் சட்டதானே?"

"அது படத்துக்கு." அவர் திரும்பி நின்றார். "தொழுதுட்டு வந்து புதுசக் கழட்டிட்டு அதப் போடுவன். எல்லாரும் பெருநாளைக்கிப் பழசக் கழட்டிப் புதுசு போடுவானுகள், நம்மட சமையல்காரன் புதுசக் கழட்டிப் பழசு போடுறான் எண்டு பொடியனுகள் ஒரே பகிடி. நான் என்ன செய்ற? வெள்ளயோட நிண்டா ஒங்களோட நிக்க ஏலாதாம். தலய மட்டும்தான் ஒட்ட ஏலுமாம்."

"அத ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?"

ஸாஹிர் உண்மையாகவே யோசித்தார். "நீ கேட்கல்லயே. றெஜி சொல்லிரிப்பான் எண்டு நினைச்ச. சட்டையா புள்ள முக்கியம்? நீயும் ஷஸ்னாவும் நிக்கிற படத்தில நானும் நிண்டா சரி எண்டு நினைச்ச." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "நீயேன் தைக்கிறத விட்ட? கண்ணில ஏதும் வருத்தமோ எண்டு நான் பயந்த. கேட்டா நீ நேரமில்லண்டு சொன்ன."

ஸஹீதாவுக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல் இருந்தது. "எனக்குப் புத்தி கெட்டுப் போச்சி, அதான்" என்றாள்.  உள்ளே போய் அளவு நாடாவை எடுத்து வந்தாள்.

"கையத் தூக்குங்க."

"சுண்ணாம்பு புள்ள."

"பறவால்ல, தூக்குங்க."

நெஞ்சைச் சுற்றி நாடாவைப் பிடித்தபோது அது அவள் நினைத்திருந்ததைவிட நிறைய மிஞ்சியது, ஆள் அவ்வளவு மெலிந்திருந்தார். இவ்வளவு காலமும் பழைய அளவிலேயே தைத்து அனுப்பியிருக்கிறாள். 'அளவாரிக்கி' என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார். அவள் நாடாவைச் சுருட்டாமல் அப்படியே சிறிது நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸாஹிரும் கையை இறக்கவில்லை.

கலியாணத்துக்கு முதல்நாள் றம்லா வந்தாள். தையல் மெசினை ஓட்டமாவடிக்கு ஏற்ற ஒரு முச்சக்கர வண்டிக்கும் சொல்லி வைத்திருந்தாள். ஸஹீதா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "அது போகாது. நீ வந்து பொத்தானத் தை" என்றாள். றம்லா ராத்தாவின் முகத்தைப் பார்த்தாள், மடியில் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள், பிறகு ஊசியை எடுத்தாள். பொத்தான் தைத்து முடிவதற்குள் முழுக் கதையையும் கேட்டு, தன் பங்குக்கு மூக்கையும் சிந்தினாள்.

கலியாணத்தன்று காலை காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்னால் குடும்பப் படம் எடுக்க றெஜி வந்தான். ஷஸ்னாவை நிறுத்த இடம் தேடி, கடைசியில் பின்வளவில் சின்ன வீட்டின் முன்தான் வெளிச்சம் நல்லது என்றான். மணப்பெண் உடுப்போடு ஷஸ்னா நின்றாள். ஸஹீதா அவளுக்கு வலப்பக்கம் நின்றாள். நின்றவள் தன்னை அறியாமலே தனக்கு வலப்பக்கம் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டாள்.

ஸாஹிர் புது ஜுப்பாவோடு வந்தார். அதைவிட வெள்ளையாகத் தாடி. அந்த இடத்துக்குள் வந்து, யாரிலும் முட்டாமல், கைகளை உடம்போடு ஒட்டி, நேரே கமராவைப் பார்த்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றார். முன்னறைச் சுவரில் இருந்து ஒரு படம் இறங்கி வந்து நின்றதுபோல் இருந்தது.

றெஜி கமராவை இறக்கினான். "காக்கா, பின்னுக்குச் செவரும் வெள்ள, உடுப்பும் வெள்ள. கொஞ்சம் இஞ்சால மரத்தடிக்கு வாங்க."

ஸாஹிர் உடனே அசைந்தார். ஸஹீதா அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நிண்ட இடத்திலயே நிக்கட்டும் தம்பி. இனி இவர எங்கயும் கொண்டுபோய் ஒட்டத் தேவல்ல."

அவள் ஒரு அடி நகர்ந்தாள். இத்தனை பெருநாளும் விட்டுவந்த இடம் மூடிக்கொண்டது. அவருடைய தோள் அவளுடைய தோளில் பட்டது. கஞ்சி போட்ட துணி சரசரத்தது.

"இப்பவாவது சிரிங்களன்" என்றாள் மெல்ல.

"பல்லுத் தெரியிமே" என்றார் ஸாஹிர், உதட்டைத் திறக்காமலே.

"தெரியட்டும்."

அன்று பின்நேரம் முன்வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, ஸாஹிரும் ஸஹீதாவும் தையல் மெசினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மாமரத்தடியால் நடந்தார்கள். "மெல்லப் பாத்து வாங்க, வெள்ளயில ஊத்த பட்டிரும்" என்று அவள் வழி நெடுக ஏசிக்கொண்டே போனாள்.